ரெஜிமெண்டைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்: சின்னத் தாத்தாவின் போர்க்காலத்தைத் தேடிய அனுபவம்

எங்கள் சின்னத் தாத்தா, அதாவது அப்பாவின் சித்தப்பா, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1946இல் படையிலிருந்து வந்து, சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து, 1983இல் ராயபுரத்தில் காலமானார். அவருடைய பட்டாள வாழ்க்கையைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரி: "பர்மா சண்டைக்குப் போனவரு." எந்த ஊரில் இருந்தார், என்ன பீரங்கி, யாரோடு இருந்தார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தேடிய கதையைத்தான் எழுதுகிறேன். வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எத்தனையோ வீடுகளின் பரணில் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அந்தப் போருக்கு ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் சென்னை மாகாணத்துக்கு. போனவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களைப் பற்றி எழுதி வைக்க அப்போது யாரும் இல்லை. இப்போது நாம் இருக்கிறோம்.

எல்லோரும் முதலில் பெயரைத் தட்டித் தேடுவார்கள். எந்தப் பட்டியலில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டு தேடினால் மனம் விட்டுப்போகாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசம், மிக நல்ல பட்டியலும்கூட. ஆனால் அதில் இருப்பவர்கள் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரைக்குள் இறந்தவர்கள். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் பார்ப்பதும் அப்படித்தான். லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் அதிகாரிகளும் வீரப் பதக்கம் வாங்கியவர்களும் இருப்பார்கள். சாதாரண கன்னராக, அதாவது பீரங்கிப் படைச் சிப்பாயாகச் சேர்ந்து, உயிரோடு வீடு திரும்பியவரின் பெயர் இந்த இரண்டிலும் இருக்காது. பெயரை விட்டுவிட்டு, அவர் இருந்த ரெஜிமெண்டைத் தேட வேண்டும் என்பது எனக்கு உறைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. ரெஜிமெண்ட் எங்கே இருந்ததோ அங்கே அவர் இருந்தார். அதுதான் பிடி.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று பொருள்கள். மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், ஒரு நட்சத்திர மெடல், ஒரு வட்ட மெடல். நாடா இரண்டிலும் இல்லை. சின்ன ஆயாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. பெட்டியைக் கொடுத்துவிட்டு, "இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அவரு அதப் பத்தி வாயத் தொறந்ததே கம்மி" என்றார். பிறகு அவரே நாலைந்து நாள் கழித்துக் கூப்பிட்டு, நினைவு வந்ததையெல்லாம் சொன்னார்.

சர்டிபிகேட்டைப் படிப்பதே தனி வித்தை. அதில் முழு வார்த்தை குறைவு, சுருக்கெழுத்து அதிகம். 'ஆர்.ஐ.ஏ.' என்று இருந்தால் ராயல் இந்தியன் ஆர்ட்டிலரி, பீரங்கிப் படை. 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்று இருந்தால் அது சரக்கும் வண்டியும் பார்த்த சர்வீஸ் கோர், வேறு படை. மை அழிந்த இடத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'ராயல்' பட்டம் 1945இல் வந்தது. அதனால் 1942இல் சேர்ந்தபோது 'ஐ.ஏ.' என்றும், 1946இல் வெளியே வந்தபோது 'ஆர்.ஐ.ஏ.' என்றும் ஒரே ஆளின் காகிதங்களில் இருக்கலாம். படை மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 'எல்.ஏ.ஏ.' என்றால் இலகுரக விமான எதிர்ப்பு, 'எச்.ஏ.ஏ.' என்றால் கனரக விமான எதிர்ப்பு. எங்கள் தாத்தாவுக்கு முன்னது.

இன்னொன்றும் விளங்கிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் போன்ற காலாட்படையில் ரெஜிமெண்ட் என்றால் பெரிய குடும்பம், அதற்குள் பல பட்டாலியன்கள். பீரங்கிப் படையில் எண் போட்ட ரெஜிமெண்ட் என்பது ஒரு பட்டாலியன் அளவுதான். அதற்குள் பேட்டரி, பேட்டரிக்குள் ட்ரூப், ட்ரூப்பில் சில பீரங்கிகள். கள பீரங்கி ரெஜிமெண்ட் என்றால் பெரும்பாலும் 25 பவுண்டர் பீரங்கிகள் 24, மூன்று பேட்டரிகளாகப் பிரிந்து, ஓரளவு ஒன்றாகவே நகரும். விமான எதிர்ப்பு ரெஜிமெண்ட் அப்படியில்லை. ஒரு பேட்டரி துறைமுகத்தில், இன்னொன்று விமானத் தளத்தில், மூன்றாவது பாலத்தருகே என்று பிரிந்து நிற்கும். அதனால் ரெஜிமெண்ட் எண் மட்டும் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது, பேட்டரி எண்ணும் வேண்டும். எங்களுக்கு அது சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில், ஒரு ரப்பர் முத்திரையின் ஓரத்தில் இருந்தது. காகிதத்தின் பின்பக்கத்தை விடாதீர்கள். போட்டோ இருந்தால் அதன் பின்பக்கத்தையும், மெடல் வந்த அட்டைப் பெட்டியின் மூடியையும் பாருங்கள்.

இனி மெடல். இதில்தான் எங்கள் குடும்பக் கதையே திசை மாறியது.

அந்தப் போரின் நட்சத்திர மெடல்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆறு முனை, மஞ்சள் உலோகம், நடுவில் அரசரின் முத்திரை எழுத்து, அதைச் சுற்றிய வளையத்தில் மெடலின் பெயர். எங்கள் வீட்டு நட்சத்திரத்தில் இருந்தது 'பர்மா ஸ்டார்'. வட்ட மெடலில் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும். அது 'வார் மெடல் 1939–45', 28 நாள் முழுநேரப் பணி இருந்தாலே பெரும்பாலும் கிடைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்ததும் அந்த வளையத்தில் 'பர்மா' என்று வாசித்திருக்கிறார்கள். அதிலிருந்து "பர்மா சண்டைக்குப் போனவரு" பிறந்திருக்கிறது.

பர்மா ஸ்டார் பர்மாவுக்குள் கால் வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்த மெடல் அல்ல. 1942 மே 1 முதல் 1943 டிசம்பர் 31 வரை வங்காளத்திலோ அசாமிலோ பணியில் இருந்தவர்களுக்கும் உண்டு. 1944 ஜனவரி முதல் சூர்மா, பிரம்மபுத்திரா ஆறுகளுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கும் உண்டு. இதைப் படித்துவிட்டுச் சின்ன ஆயாவிடம் கேட்டேன். "பர்மாவா? அவரு கல்கத்தா, சிட்டகாங்குன்னுதான் சொல்வாரு. பர்மா பர்மான்னு சொன்னதெல்லாம் உங்க நைனாவும் அவங்க அண்ணனும்தான்" என்றார். அவரை யாரும் கேட்கவே இல்லை. பல வருஷமாக அந்த விவரம் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. உறவினர் சிலருக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு இல்லை. பர்மாவின் மேற்குக் கரையில் இருந்த அரக்கான் போர்முனைக்குப் போகும் ஆளும் சரக்கும் கூடிய வங்காளத் துறைமுகம் சிட்டகாங். அங்கே பீரங்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் வானத்தைப் பார்த்து நின்றது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து ரெகார்டு ஆபீஸ். இந்தியப் பீரங்கிப் படையினரின் பணி ஆவணங்களை வைத்திருப்பது நாசிக் ரோடு கேம்ப்பில் உள்ள ஆர்ட்டிலரி ரெகார்ட்ஸ். ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டிருந்தாலும் எழுத வேண்டியது அங்கேதான். போரின் கடைசிக் கட்டத்தில் ஜப்பானிய விமானங்கள் வருவது குறைந்ததும் விமான எதிர்ப்பு ரெஜிமெண்டுகள் பல கலைக்கப்பட்டன. அதனால் "இன்றைக்கு அந்த ரெஜிமெண்ட் எங்கே?" என்று தேடுவது பல வீடுகளுக்குப் பலன் தராது.

எழுதும் முன்பு ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். போருக்கென்று சேர்ந்து 1946இல் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் இல்லை, அவர்கள் 15 வருடப் பணியை முடிக்கவில்லை. பென்ஷன் இல்லாதவர்களின் கோப்பு 25 ஆண்டு கழித்து விதிப்படி அழிக்கப்பட்டது. நிரந்தரமாக வைக்கப்படுவது 'லாங் ரோல்' என்ற பேரேடு. ஒருவருக்கு ஒரு வரி: எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் என்ற அளவில் இருக்கும். ஆகவே "சர்வீஸ் ரெகார்டு வேண்டும்" என்று மட்டும் கேட்டால் "அழிக்கப்பட்டது" என்று பதில் வந்து விஷயம் அங்கேயே முடிந்துவிடும். "லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று அதே கடிதத்திலேயே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நாங்கள் சின்ன ஆயாவின் கையெழுத்தில், அவர் மனைவி என்ற உரிமையில் எழுதினோம். படை எண், பதவி, ரெஜிமெண்ட், பேட்டரி, தகப்பனார் பெயர், சேர்ந்தபோது இருந்த முகவரி எல்லாம் கொடுத்தோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் இணைத்தோம். முகவரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாத்தா சேரும்போது குடும்பம் திருவொற்றியூரில் இருந்தது. அன்றைக்கு அது சென்னை நகரம் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. நீங்கள் 'மெட்ராஸ்' என்று எழுதினால் பேரேட்டில் 'செங்கல்பட்டு' என்று இருப்பவர் பொருந்தமாட்டார். பெயரும் அப்படித்தான். 'சாமி' என்று முடியும் ஒரு பெயரை வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார். தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் கடிதத்தில் வரிசையாகக் கொடுங்கள். நெருங்கிய உறவு என்ற இடத்தில் மனைவி பெயர் இருக்காது, கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருப்பார்.

கடிதத்துக்குப் பதில் தாமதமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே கட்டலாம், 30 நாளில் பதில் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வியைச் சுருக்கமாக, ஆவணத்தின் பெயரோடு கேட்பது நல்லது. எங்களுக்கு லாங் ரோல் வரி வந்தது. சேர்ந்தது 1941 கடைசி, விடுவித்தது 1946, காரணம் படைக்குறைப்பு. ஒரே வரிதான். சின்ன ஆயா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "கவருமெண்டு புஸ்தகத்துல இன்னும் அவரு பேரு இருக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சர்டிபிகேட்டே இல்லாத வீடுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. உங்கள் பாட்டி எப்போதாவது அதற்கு விண்ணப்பித்திருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அந்தக் கோப்போடு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் இருக்க வாய்ப்பு உண்டு. நாசிக்குக்கு எழுதும் முன்பே அங்கே போய்க் கேளுங்கள்.

ரெஜிமெண்டும் ஆண்டும் கைக்கு வந்த பிறகு தேட வேண்டியது வார் டைரி. போர்க்காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தினமும் எழுத வேண்டிய நாட்குறிப்பு அது: இடம், தேதி, நேரம், நடந்தது. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்கிழக்காசியப் போர்முனை டைரிகள் 'டபிள்யூ.ஓ. 172' என்ற வரிசையில் இருக்கின்றன. இந்தியப் படைப்பிரிவுகளின் டைரிகளும் அதில் உண்டு. மத்திய கிழக்கு என்றால் 169, இத்தாலி என்றால் 170. அட்டவணையை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். நகல் கேட்டால் கட்டணம் ஏறும். ஆனால் நேரில் போகிறவர்கள் இலவச வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு தங்கள் கேமராவிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் அத்தை மகன் லண்டனில் வேலையில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை போய், 1942, 1943 கோப்புகளை முழுக்க எடுத்து அனுப்பினான். லண்டனில் யாரும் இல்லாதவர்கள் முதலில் டெல்லியைப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் போர்க்கால டைரிகள் வைக்கப்பட்டன. இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டு தேடலாம். பிஷேஸ்வர் பிரசாத் பதிப்பித்த அதிகாரபூர்வப் போர் வரலாற்று நூல்களில் எந்தப் பிரிவு எந்தப் படையின் கீழ் இருந்தது என்று ஓரளவு பிடிக்கலாம்.

டைரியில் தாத்தாவின் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் திறந்தேன். அதிகாரிகளுக்குப் பெயர், மற்றவர்களுக்கு எண்ணிக்கை, அன்றைய வழக்கம் அது. ஆனாலும் நான் அந்தப் பக்கங்களை விட்டு எழுந்திருக்கவில்லை. பீரங்கி வந்து சேர்ந்த நாள், மழையில் பீரங்கிக் குழியில் நீர் நிரம்பியது, விமான எச்சரிக்கை கொடுத்த நேரம், எச்சரிக்கை நீங்கிய நேரம், மருத்துவமனைக்குப் போன மலேரியாக்காரர்களின் எண்ணிக்கை. பக்கம் பக்கமாக மலேரியா. தாத்தாவுக்கு வருஷா வருஷம் குளிர் ஜுரம் வந்து கம்பளி போர்த்திக் கிடப்பார் என்று அப்பா சொல்வதற்கு இப்போது ஒரு ஊரும் ஒரு மாதமும் கிடைத்தன.

பீரங்கி 40 மில்லிமீட்டர் போபர்ஸ். 1980களில் நாம் கேட்டுப் பழகிய அதே ஸ்வீடன் கம்பெனியின் வடிவமைப்பு. நிமிடத்துக்கு 120 குண்டு வரை சுடும், நான்கு நான்காகக் கோத்த குண்டுகளை மேலிருந்து ஒருவர் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். தாத்தா யார் பேசினாலும் வலது காதைத் திருப்புவாராம்.

வீட்டில் சொன்ன சில்லறை விஷயங்களை டைரியோடும் பிற ஆவணங்களோடும் ஒட்டிப் பார்த்ததில் நிறைய விளங்கியது. ஒட்டகம் நிறையப் பார்த்ததாக அவர் சொன்னதை வைத்து, எகிப்துக்குப் போனார் என்று ஒரு அத்தை உறுதியாக நம்பினார். விமான எதிர்ப்புப் படையின் பயிற்சி மையம் கராச்சியில் இருந்தது, ஒட்டகம் அங்கே பார்த்தது. சௌகார்பேட்டை சேட்டுக் கடைகளில் அவர் மளமளவென்று ஹிந்தி பேசியது எப்படி என்பதும் அப்படியே. அன்றைய இந்தியப் படையில் ஆங்கில எழுத்தில் எழுதிய உருதுதான் சிப்பாய்க்குப் பொது மொழி. ஆகவே பெரியவர்களிடம் "போரில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டார், என்ன மிருகம் பார்த்ததாகச் சொன்னார், எந்த மாதத்தில் உடம்புக்கு வந்தது, எந்த மொழியில் திட்டினார் என்று கேளுங்கள். பதில் வரும்.

டைரியில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. 1943 வங்காளப் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படும் பஞ்சம் அது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சிட்டகாங் ஒன்று. எங்களிடம் உள்ள பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விமான எச்சரிக்கைக்கு நேரம் குறித்தவர்கள் இதைக் குறிக்கவில்லை. ஆனால் சின்ன ஆயா சொன்னார்: கல்யாணமான புதிதில் சோறு வடித்த கஞ்சியைக் கொல்லையில் கொட்டப் போனபோது தாத்தா ஓடி வந்து பானையைப் பிடித்துக்கொண்டாராம். கஞ்சித்தண்ணி கொடுங்கள் என்று கேட்டபடி வாசல் வாசலாக வந்து விழுந்து செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இந்த வீட்டில் அதைக் கொட்டக் கூடாது என்றாராம். கடைசிவரை வீட்டில் வடிகஞ்சி கொட்டியதில்லை. பீரங்கியைப் பற்றிப் பேசாத மனிதர் இதை மட்டும் சொல்லியிருக்கிறார். எந்தக் காப்பகத்திலும் இதற்கு நகல் கிடைக்காது. பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள், செல்போனில் ஒலிப்பதிவு போதும்.

அவர் அங்கே இருந்த காலத்தில் இங்கே வீடு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாறின. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர் மக்களுக்கு 1914இல் எம்டன் கப்பல் எண்ணெய் டாங்கிகளைச் சுட்டது நினைவில் இருந்த தலைமுறை அது. எங்கள் குடும்பம் பொன்னேரிப் பக்கம் போய்ச் சில மாதம் இருந்தது. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு போட்டுவிட்டுப் போனது. அந்த வருடம் அவர் சிட்டகாங்கில் வானத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார், அவருடைய அம்மா இங்கே குண்டுச் சத்தம் கேட்டார். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசாணைகள் இருக்கின்றன. ஆராய்ச்சி அனுமதி வாங்கிப் பார்க்கலாம்.

அந்தப் போரின் எதிர்ப்பக்கமும் தமிழர்கள் நின்றார்கள். மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் இருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள் ஏராளம். சில குடும்பங்களில் அண்ணன் இந்தப் படை, சித்தப்பா அந்தப் படை. தேடும்போது இரண்டையும் மரியாதையோடு தேடுங்கள். பெரும்பாலும் வயிற்றுப்பாடும், கிடைத்த வழியும், நம்பிக்கையும் கலந்துதான் அந்தப் பிள்ளைகள் கிளம்பினார்கள்.

ரெஜிமெண்ட் எண்ணையும் படை எண்ணையும் நான் இங்கே எழுதவில்லை. உதவித்தொகைக் கோப்புகளோடு சம்பந்தப்பட்ட எண்கள் அவை. கைரேகையும் முகவரியும் தெரியும்படி சர்டிபிகேட்டைப் பொதுவில் போடுவதும் வேண்டாம். மெடலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், விளிம்பில் ஏதாவது பொறித்திருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். கிழிந்த காகிதத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, மூலத்தை அமிலமற்ற உறையில் தட்டையாக வையுங்கள்.

இன்னும் 1944, 1945 கோப்புகள் பார்க்கவில்லை. பேட்டரி அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கே மாறியது, எப்போது கலைக்கப்பட்டது என்பது அவற்றில்தான் இருக்க வேண்டும். அத்தை மகன் அடுத்து கியூ போகும்போது எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை கிடைத்த பக்கங்களைத் தேதி வாரியாகத் தமிழில் எழுதி, சின்ன ஆயாவின் ஒலிப்பதிவையும் சேர்த்து, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் மூத்த பேத்தி இப்போது நாசிக்குக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மா வழித் தாத்தாவும் பட்டாளத்தில் இருந்தவராம், அவரும் கன்னராம்.